ராணி ஏன் இளவரசி ஆனாள்?

2014ஆம் ஆண்டு நவம்பர் மாத நடுவில் அமெரிக்க வணிகப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி, ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் என்ற ஸ்டுடியோவை விலைக்கு வாங்கப் பேச்சு நடத்துகிறது என்பதே அது. ஹாஸ்ப்ரோ 1923இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஹாசன்ஃபெல்ட் சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி. ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ. ஜோ, மை லிட்டில் போனி, மோனோபொலி எல்லாம் அதன் சரக்கு. ட்ரீம்வொர்க்ஸ் என்பது ஷ்ரெக், மடகாஸ்கர், குங்ஃபூ பாண்டா படங்களை எடுத்த ஸ்டுடியோ. செய்தி வந்ததும் ஸ்டுடியோவின் பங்கு விலை ஏறியது, பொம்மைக் கம்பெனியின் பங்கு விலை இறங்கியது. சில நாட்களிலேயே பேச்சு முறிந்துவிட்டது.

நடக்காமல் போன ஒரு வியாபாரத்துக்கு வரலாற்றில் என்ன இடம் என்று கேட்கலாம். எனக்கு இதில் அக்கறை வந்தது, முறிவுக்குப் பத்திரிகைகள் சொன்ன காரணங்களைப் படித்தபோதுதான். விலை படியவில்லை என்பது ஒரு காரணம். பங்குதாரர்களின் தயக்கம் இன்னொன்று. மூன்றாவது காரணம் டிஸ்னி. இந்தச் செய்திக்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், 2014 செப்டம்பரில், டிஸ்னி இளவரசிப் பொம்மைகளையும் ஃப்ரோசன் படத்தின் பொம்மைகளையும் செய்து விற்கும் உரிமத்தை மட்டெல் கம்பெனியிடமிருந்து ஹாஸ்ப்ரோ தட்டிப் பறித்திருந்தது. 2016 முதல் எல்சாவும் அன்னாவும் சிண்ட்ரெல்லாவும் ஹாஸ்ப்ரோவின் பெட்டிகளில் வரவேண்டும். டிஸ்னியின் போட்டி ஸ்டுடியோவை வாங்கினால் டிஸ்னி முகம் சுளிக்காதா என்ற கேள்வி எழுந்தது.

ஃப்ரோசன் 2013இல் வந்த படம். ஜெனிஃபர் லீ, கிறிஸ் பக் இருவரும் இயக்கியது. திரைக்கதை லீயுடையது. 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ஒரு படத்தின் இயக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது அதுவே முதல் முறை. அக்கா தங்கையின் அன்பைச் சொன்ன அந்தக் கதையைச் சிறுமிகள் தூக்கிக் கொண்டாடினார்கள். 2014இல் வட அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் ஃப்ரோசன் உடைகள் விற்றதாக டிஸ்னி சொன்னது. ஆக, பெரிய கம்பெனிகள் பேரம் பேசிய அந்த மேசையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த பணயப்பொருள், ஐந்தாறு வயதுப் பெண் குழந்தைகளின் ஆசை. அந்த ஆசைக்கு விலை வைக்கும் பழக்கம் எப்படி வந்தது, அந்த விலை பெண்களின் கதைகளை என்ன செய்தது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

1952இல் ஹாஸ்ப்ரோவின் மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யப்பட்ட முதல் பொம்மை ஆனது. 1955இல் மட்டெல் கம்பெனி டிஸ்னியின் மிக்கி மவுஸ் கிளப் நிகழ்ச்சியில் ஓராண்டு விளம்பரத்துக்கு 5 லட்சம் டாலர் கட்டியது. மட்டெலை நடத்தியவர்களில் ஒருவர் ரூத் ஹாண்ட்லர். 1959இல் பார்பியைக் கொண்டுவந்தவர் அவர். அதுவரை பொம்மைக் கம்பெனிகள் பெற்றோரிடம் பேசின. இப்போது பெற்றோரைத் தாண்டிக் குழந்தையிடமே பேச ஆரம்பித்தன. 1969இல் மட்டெலின் ஹாட் வீல்ஸ் கார்களை வைத்து ஒரு கார்ட்டூன் தொடரே வந்தது. இது கதையா விளம்பரமா என்று போட்டிக் கம்பெனி ஒன்று புகார் செய்தது. அமெரிக்க அரசின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம், அதன் ஒரு பகுதியை விளம்பர நேரமாகவே கணக்கெழுத வேண்டும் என்றது.

அந்தக் காலத்தில் இதை எதிர்த்து நின்றவர்கள் பெண்கள். 1968இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் ஊரில், பெக்கி சாரன் என்ற தாயின் வீட்டு வரவேற்பறையில் சில பெண்கள் கூடினார்கள். குழந்தைகள் தொலைக்காட்சிக்கான செயல்பாடு என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆணையத்துக்கு மனு போட்டார்கள், விசாரணைகளில் போய்ப் பேசினார்கள். எந்த நிகழ்ச்சியையும் தடை செய்யுங்கள் என்று சாரன் கேட்கவில்லை. தணிக்கையை அவர் கடைசிவரை எதிர்த்தார். அவர் கேட்டதெல்லாம் விளம்பரத்துக்கு ஒரு வரம்பும், நல்ல நிகழ்ச்சிகளுக்கு ஓர் இடமும்தான்.

1981இல் ரீகன் ஆட்சிக்கு வந்தார். அவர் நியமித்த ஆணையத் தலைவர் மார்க் ஃபவுலர், தொலைக்காட்சியும் ரொட்டி வாட்டும் டோஸ்டர் மாதிரி ஒரு வீட்டுச் சாமான்தான், படம் தெரிவது ஒன்றே வித்தியாசம் என்று சொன்னவர். 1984இல் விளம்பர நேரத்துக்கான வரம்புகள் நீக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே மட்டெலின் ஹீ-மேன் பொம்மைகளுக்காக ஒரு தொடர் ஓட ஆரம்பித்திருந்தது. அதன் பிறகு அணை உடைந்தது. பொம்மை முதலில், கதை பிறகு என்பது தொழிலின் வழக்கமாகவே ஆனது.

பெண்ணிய வாசிப்பு இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தத் தொடர்களையெல்லாம் அரைமணிநேர விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக், மை லிட்டில் போனி, ஷீ-ரா போன்றவை வருவதற்கு முன் அமெரிக்கக் கார்ட்டூன்களில் பெண் பாத்திரங்களின் நிலை என்ன? ஆண்கள் கூட்டத்தில் ஒருத்தி இருப்பாள். யாராவது அவளைக் காப்பாற்றுவார்கள். பெண்களே கூடிப் பேசி, சண்டையிட்டு, முடிவெடுத்து, ஊரைக் காக்கும் கதைகள் தொலைக்காட்சிக்குக் கூட்டமாக வந்தது இந்தப் பொம்மைகளின் முதுகில் ஏறித்தான். எலன் சைட்டர் என்ற ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட தன் நூலில் இந்தத் தொடர்கள் மீதான ஏளனத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். சிறுமிகள் விரும்பும் எதையும் மட்டம் என்று பார்க்கும் பழக்கம் அந்த விமர்சனங்களிலும் ஒளிந்திருக்கிறது என்றார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சிறுவன் ரோபோவை மோதவிட்டால் சாகசம், சிறுமி குதிரைக்குத் தலை வாரினால் அசடு என்று சொன்னது யார்?

மை லிட்டில் போனியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் பானி சகர்லி. சிறு வயதிலிருந்தே குதிரைமேல் ஆசை கொண்டவர். 1985இல் வந்த ஜெம் தொடரை எழுதி வளர்த்தவர் கிறிஸ்டி மார்க்ஸ். ஹாஸ்ப்ரோ அவரிடம் கொடுத்தது பாப் பாடகிகள் போன்ற சில பொம்மைகளை. அவற்றுக்கு வாழ்க்கை கொடுத்தவர் மார்க்ஸ். ஜெம் தொடரில் நாயகி ஒரு இசைக் கம்பெனியை நடத்துகிறாள், பெற்றோரில்லாத பெண் குழந்தைகளுக்கான இல்லத்தைக் காப்பாற்றப் பாடுபடுகிறாள். மட்டெல் சும்மா இருக்கவில்லை, பார்பிக்கும் ஒரு ராக் இசைக் குழுவை உருவாக்கிக் கடைக்கு அனுப்பியது. ஜெம் பொம்மைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. பொம்மை நின்றது, 1988இல் தொடரும் நின்றது. பார்த்த பிள்ளைகளுக்குத் தொடர் பிடித்ததா இல்லையா என்பது யாருக்கும் பொருட்டில்லை. பொம்மை திறந்துவிட்ட கதவு, பொம்மை விற்காதபோது மூடிக்கொண்டது.

இந்தக் கதவின் சாவி யாரிடம் இருந்தது என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு 2010இல் கிடைக்கிறது. டிஸ்கவரியுடன் சேர்ந்து ஹாஸ்ப்ரோ அந்த ஆண்டு ஒரு தொலைக்காட்சிச் சேனலையே தொடங்கியது. அதில் மை லிட்டில் போனியைப் புதிதாக எடுக்கும் பொறுப்பு லாரன் ஃபாஸ்ட் என்ற அனிமேஷன் கலைஞருக்குக் கிடைத்தது. சிறுமியாக அந்தக் குதிரைகளோடு விளையாடியபோது தன் மனதில் ஓடிய கதைகள் பழைய தொடரில் இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. படிப்பாளி, விளையாட்டு வீராங்கனை, கூச்சக்காரி, உழைப்பாளி என்று ஆளுக்கொரு குணம் கொண்ட ஆறு பெண்களைப் படைத்தார். அவர்கள் வாழும் நாட்டை ஆள்பவளாக, சூரியனை உதிக்கச் செய்பவளாக, செலஸ்டியா என்ற வெண்குதிரையை ராணியாக்க நினைத்தார்.

செலஸ்டியா ராணி ஆகவில்லை, இளவரசி ஆனாள். சிறுமிகளுக்கு ராணி என்றால் கெட்டவள் என்று தோன்றும், டிஸ்னி படங்கள் அப்படிப் பழக்கிவைத்திருக்கின்றன என்று கம்பெனி தரப்பில் சொன்னதாக ஃபாஸ்ட் பின்னர் கூறியிருக்கிறார். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயதான, அதிகாரம் உள்ள பெண் சூனியக்காரியாகத்தான் இருப்பாள் என்று ஒரு கம்பெனி பல தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. இன்னொரு கம்பெனி அந்தப் பாடத்தையே சந்தை நிலவரமாக எடுத்துக்கொண்டு, நல்லவளான ஆட்சியாளரைப் பதவி இறக்கியது. அதோடு விடவில்லை. திரையில் வெள்ளையாக இருந்த செலஸ்டியா, கடையில் முதலில் விற்கப்பட்ட பொம்மையில் இளஞ்சிவப்பாக இருந்தாள். பெண் குழந்தைகளுக்கு அந்த நிறம்தான் விற்கும் என்பது கணக்கு. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு, பிறகுதான் வெள்ளைச் செலஸ்டியா கடைக்கு வந்தாள். ஃபாஸ்ட் முதல் பருவத்துக்குப் பிறகு நிர்வாகத் தயாரிப்பாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். தொடர் 2019 வரை ஓடியது.

ஹாஸ்ப்ரோவின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இந்த மனநிலை எங்கே வேர் விட்டிருந்தது என்று தெரியும். அந்தக் காலத்தில் கம்பெனி தன் வருவாயை ஆண் பிள்ளைகள், விளையாட்டுகள், பெண் பிள்ளைகள், பள்ளிக்கு முந்தைய வயதினர் என்று நான்கு தலைப்புகளில் பிரித்து எழுதிவந்தது. 2014இல் ஆண் பிள்ளைகள் தலைப்பில் சுமார் 148 கோடி டாலர், பெண் பிள்ளைகள் தலைப்பில் சுமார் 102 கோடி டாலர். ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் வாங்கிய சிறுமி எந்தப் பத்தியில் வருவாள்? ஆண் பிள்ளைகள் பத்தியில்தான். கணக்குப் புத்தகத்தில் அவள் இல்லவே இல்லை.

இல்லாதவளுக்காக யார் கதை எழுதுவார்கள்? 2013இல், பேட்மேன் தொடர்களால் புகழ்பெற்ற எழுத்தாளர் பால் டினி வெளிப்படையாகவே பேசினார். சூப்பர்ஹீரோ தொடர்களைப் பெண் பிள்ளைகள் அதிகம் பார்ப்பதைச் சேனல் நிர்வாகிகள் ஒரு பிரச்சினையாகவே கருதினார்கள், அவர்கள் இந்தப் பொம்மைகளை வாங்கமாட்டார்கள் என்பதே காரணம் என்றார். யங் ஜஸ்டிஸ் தொடர் அந்த ஆண்டு நிறுத்தப்பட்டதற்கு, அதற்குப் பணம் தந்த மட்டெலின் பொம்மைகள் விற்காமல் போனதே காரணம் என்று அதைப் படைத்தவர்களில் ஒருவரான கிரெக் வைஸ்மன் சொல்லியிருக்கிறார். ஒரு கதையைப் பெண்கள் விரும்பிப் பார்ப்பது அந்தக் கதைக்கு ஆபத்தாக முடிந்தது.

சிறுமிகள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2012இல் நியூ ஜெர்சியைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி, தன் தம்பிக்குச் சமைக்க ஆசை, ஆனால் ஹாஸ்ப்ரோவின் பொம்மை அடுப்பு பெண் பிள்ளைகளுக்கான நிறத்திலும் விளம்பரத்திலும் மட்டுமே வருகிறது என்று மனு எழுதினாள். 40,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். கறுப்பும் வெள்ளியும் கலந்த அடுப்பை ஹாஸ்ப்ரோ கொண்டுவந்தது. 2016 தொடக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, புதிய ஸ்டார் வார்ஸ் படத்தின் நாயகி ரே ஏன் மோனோபொலி ஆட்டத்தில் இல்லை என்று கேட்டுக் கடிதம் எழுதினாள். படத்தின் கதை முன்கூட்டியே வெளியாகிவிடக்கூடாது என்றுதான் சேர்க்கவில்லை என்று கம்பெனி சமாதானம் சொன்னது. பிறகு ரேயைச் சேர்த்தது. 1968இல் தாய்மார்கள் ஆணையத்தின் கதவைத் தட்டினார்கள். இப்போது பிள்ளைகளே தட்டுகிறார்கள்.

இனி அந்தப் பேரத்தின் மறுபக்கத்தில் இருந்த ட்ரீம்வொர்க்ஸைப் பார்ப்போம். பெண் இயக்குநர்கள் விஷயத்தில் அந்த ஸ்டுடியோ மற்றவர்களைவிட முன்னால் நின்றது. 1998இல் வந்த தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட் படத்தை இயக்கிய மூவரில் ஒருவர் பிரெண்டா சாப்மன். பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றின் முழுநீள அனிமேஷன் படத்தை இயக்கிய முதல் பெண் அவர். ஷ்ரெக்கை இயக்கிய இருவரில் ஒருவர் விக்கி ஜென்சன். 2011இல் குங்ஃபூ பாண்டா 2 படத்தைத் தனியாக இயக்கியவர் ஜெனிஃபர் யூ நெல்சன். அப்படித் தனித்து இயக்கிய முதல் பெண்ணும் அவரே.

ஹாஸ்ப்ரோவுடன் பேச்சு முறிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2015 ஜனவரியில், தோல்விப் படங்களால் தள்ளாடிய அந்த ஸ்டுடியோ சுமார் 500 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. ஷ்ரெக்கை உருவாக்கிய பி.டி.ஐ. கிளையை மூடியது. அதே மாதம் திரைப்படப் பிரிவின் கூட்டுத் தலைவர்களாக பானி ஆர்னால்ட், மிரெய் சோரியா என்ற இரண்டு தயாரிப்பாளர்களை நியமித்தது. இருவரும் பெண்கள், இருவரும் வெற்றிப் படங்கள் கொடுத்தவர்கள். மிஷெல் ரயன், அலெக்சாண்டர் ஹாஸ்லம் என்ற ஆய்வாளர்கள் 2005இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கண்ணாடிக் கூரையைத் தாண்டி மேலே வரும் பெண்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பாறை விளிம்பில் நிற்கும் பதவிதான், கம்பெனி சரியும் நேரத்தில்தான் தலைமை அவர்களைத் தேடி வருகிறது என்றார்கள். ட்ரீம்வொர்க்ஸ் நிர்வாகத்தின் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஜனவரியின் இரண்டு அறிவிப்புகளை அடுத்தடுத்துப் படிக்கும்போது இந்த ஆய்வு என் நினைவுக்கு வராமல் போவதில்லை. 2017 தொடக்கத்தில் அந்தப் பொறுப்பு ஓர் ஆணிடம் போனது.

அதே 2015 ஜனவரியில் பெக்கி சாரன் காலமானார். அவர் போராடிப் பெற்ற குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் 1990இல் வந்தது. வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடம், மற்ற நாட்களில் 12 நிமிடம் என்று விளம்பரத்துக்கு எல்லை வகுத்தது அது. ஆனால் பொம்மைக் கம்பெனியே சேனல் நடத்தும்போது, பொம்மைக் கம்பெனியே ஸ்டுடியோ வாங்கும்போது, எந்த நிமிடம் கதை, எந்த நிமிடம் விளம்பரம் என்று எந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்ப்பது?

இந்தப் பேரங்களின் எந்த அறிக்கையிலும் பெயர் வராத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். மை லிட்டில் போனியின் புதிய தொடரை வான்கூவரில் திட்டமிட்டு, அசைவுகளை வரைய மணிலாவுக்கு அனுப்பினார்கள். 1980களின் தொடர்கள் பலவற்றை வரைந்த கைகள் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் இருந்தன. பொம்மைகளோ தாய்லாந்திலும் சீனாவிலும் உருவாயின. 1993 மே 10 அன்று தாய்லாந்தின் நகோன் பதோம் மாகாணத்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. ஏற்றுமதிக்காகத் துணிப் பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும் செய்த இடம் அது. பஞ்சும் துணியும் நொடியில் பற்றிக்கொண்டன. வெளியேறும் வழிகள் போதவில்லை. கட்டடம் சரிந்தது. 188 பேர் இறந்தார்கள், மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் ஷென்சென் நகரில் இன்னொரு பொம்மைத் தொழிற்சாலை எரிந்து 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களிலும் கிட்டத்தட்ட எல்லோரும் கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த பெண்களே. ஒரு பெண் குழந்தையின் கையில் இருக்கும் பொம்மைக்குள் இன்னொரு பெண்ணின் தையல் இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு என்ன வேண்டும் என்று ஆராயப் பணம் ஒதுக்கிய தொழில், தைத்த பெண்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வெகுகாலம் ஆனது.

பேரம் முறிந்ததோடு கதை முடியவில்லை. 2016இல் ட்ரீம்வொர்க்ஸை 380 கோடி டாலருக்கு என்.பி.சி. யுனிவர்சல் வாங்கியது. 2018இல் அதே ஸ்டுடியோ, என்.டி. ஸ்டீவன்சன் உருவாக்கிய புதிய ஷீ-ரா தொடரை வெளியிட்டது. 1985இன் ஷீ-ரா மட்டெலின் பொம்மை. புதியவள் நெட்ஃபிளிக்ஸில் வந்தாள், கடையில் பொம்மை நகர்ந்தால்தான் அடுத்த பருவம் என்ற நெருக்கடி முன்போல் இல்லை. அவள் போதிய கவர்ச்சியாக இல்லை என்று சில ஆண்கள் இணையத்தில் குறைபட்டார்கள். தொடர் ஐந்து பருவங்கள் ஓடி, இரண்டு பெண்களின் காதலில் நிறைவடைந்தது. பொம்மைக் கணக்கு கொஞ்சம் விலகி நின்றால் கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது ஒரு சான்று. ஆனால் ஸ்ட்ரீமிங் கம்பெனிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதையும் நாம் கண்காணிக்கத்தான் வேண்டும்.

ஹாஸ்ப்ரோ தன் ஆசையை விடவில்லை. 2019இல் என்டர்டெய்ன்மென்ட் ஒன் என்ற நிறுவனத்தைச் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. 2023இல் அதன் திரைப்பட, தொலைக்காட்சித் தொழிலைச் சுமார் 50 கோடி டாலருக்கு லயன்ஸ்கேட்டிடம் விற்றது. பெப்பா பிக் போன்ற குழந்தைகள் தொடர்களை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் 1,100 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. ஃப்ரோசன் பொம்மைகளின் உரிமமோ 2023 முதல் மறுபடியும் மட்டெலுக்கே போய்விட்டது.

எல்சா நம் மொழியிலும் பேசியிருக்கிறாள். 2019இல் ஃப்ரோசன் 2 தமிழில் வந்தபோது அவளுக்குக் குரல் கொடுத்தவர் ஸ்ருதி ஹாசன். அவள் படம் போட்ட பையும் பாட்டிலும் நம் ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றன. அதை ஆசையாகக் கேட்கும் பிள்ளையின் கையைத் தட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆசையை நாம் மதிக்க வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் இத்தனை கோடிகளுக்குப் பேரம் நடக்கிறது. அவளோடு உட்கார்ந்து படத்தைப் பாருங்கள். இதை எழுதியது யார், வரைந்தது யார், தைத்தது யார் என்று அவளோடு சேர்ந்து தேடுங்கள். நாட்டை ஆள்பவள் ஏன் இளவரசியாகவே இருக்கிறாள் என்று அவளே ஒருநாள் கேட்பாள். பதில் சொல்ல நாம் இந்த வரலாற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.